யாரும் கேட்காத வாத்தியம்

தென்காசி வட்டாரத்துக் கோயில் கொடையில் இன்னிசைக் கச்சேரி மேடையைக் கவனித்திருக்கிறீர்களா? நடுவில் பாடகரும் பாடகியும். ஒரு பக்கம் கீபோர்டு, இன்னொரு பக்கம் தபேலாவும் ரிதம் பேடும், பின்னால் டிரம்ஸ். டிரம்ஸுக்கும் படுதாவுக்கும் நடுவே கிடைக்கிற கொஞ்ச இடத்தில், நீளக் கழுத்து கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவருக்கு விசில் வராது, ‘ஒன்ஸ்மோர்’ வராது. பாடகர் குழுவினரை அறிமுகம் செய்யும்போது கடைசிப் பெயர் அவருடையது. அதற்குள் அடுத்த பாட்டின் டிரம்ஸ் தொடங்கிவிடும்.

அவர்தான் பேஸ் கிட்டார்காரர். இப்போது பல மேடைகளில் அந்தக் கொஞ்ச இடமும் காலியாகக் கிடக்கிறது. காரணத்தைப் பின்னால் பார்ப்போம். அதற்கு முன் இந்த வாத்தியத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல பால் மெக்கார்ட்னியைவிடத் தோதான ஆள் கிடையாது. பீட்டில்ஸ் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர், 1942-ல் பிறந்தவர், அறுபது வருஷத்துக்கு மேலாக வாசிக்கிறார். அவர் கையில் எடுத்த பேஸ்களை வரிசையாக அடுக்கினால் ராக் இசையின் சரித்திரத்தில் பாதி அதிலேயே வந்துவிடும்.

தலையில் விழுந்த வேலை

மெக்கார்ட்னி ஆசைப்பட்டு பேஸுக்கு வந்தவர் இல்லை. 1960-61-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து இரவு விடுதிகளில் விடிய விடிய வாசித்துக்கொண்டிருந்தது பீட்டில்ஸ். அப்போது பேஸ் வாசித்தவர் ஜான் லெனனின் ஓவியக் கல்லூரித் தோழர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப். ஓவியம் விற்ற காசில் கிட்டார் வாங்கி, நட்புக்காகக் குழுவில் சேர்ந்தவர். 1961-ல் ஓவியமே போதும் என்று அவர் விலகிக்கொண்டார். குழுவின் கிட்டார்காரர்களான லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் பேஸைத் தொடத் தயாராக இல்லை. பின்வரிசையில் நிற்கும் வாத்தியம், பெண்கள் திரும்பிப் பார்க்காத வாத்தியம் என்ற நினைப்பு அந்த ஊரிலும் இருந்தது! மிச்சமிருந்த மெக்கார்ட்னி தலையில் அது விழுந்தது.

கையில் காசு இல்லை. அமெரிக்க ஃபெண்டர் பேஸ் வாங்க 100 பவுண்டு வேண்டும். ஹாம்பர்க் கடையில் வயலின் வடிவத்தில் ஒரு பேஸ் தொங்கியது. ஜெர்மன் நிறுவனமான ஹோஃப்னரின் 500/1 மாடல், வால்டர் ஹோஃப்னர் வடிவமைத்து 1956-ல் வெளிவந்தது. விலை 30 பவுண்டுச் சொச்சம். மெக்கார்ட்னி இடக்கைக்காரர். சாதாரண கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் கொம்புகள் இடம் மாறி அசிங்கமாகத் தெரியும். வயலினுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. மலிவு, இடக்கைக்குத் தோது. உலகத்தின் மிகப் பிரபலமான பேஸ் தேர்வு செய்யப்பட்டது இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான்.

அந்த ஹோஃப்னரின் உள்ளே வெறும் கூடு. மேல்பலகை ஸ்புரூஸ், பின்பக்கம் மேப்பிள். எடை இரண்டு கிலோச் சொச்சம். கட்டை மரத்தைக் கடைந்து செய்த ஃபெண்டர் நாலு கிலோவை ஒட்டி வரும். தந்தியின் அதிரும் நீளம் ஹோஃப்னரில் 30 அங்குலம், ஃபெண்டரில் 34. நாலு அங்குலம் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். விரல் எட்ட வேண்டிய கட்டங்கள் அத்தனையும் நெருங்கி வந்துவிடும். கிட்டாரும் பியானோவும் பழகிய ஒரு பையன் பேஸில் மெட்டுப் போட்டுப் பார்க்க அந்த நெருக்கம் இடம் கொடுத்தது. குறையும் உண்டு: நாதம் நீளாது. ‘தும்’ என்று விழுந்து சட்டென அடங்கிவிடும். 1962-ல் வெளிவந்த ‘லவ் மீ டூ’வில் கேட்பது இந்த ‘தும்’தான்.

1963-ல் இதே மாடலில் இரண்டாவது ஹோஃப்னர் வந்தது. பழசு துணைக் கருவியானது. 1966 ஆகஸ்டில் சான்ஃபிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பீட்டில்ஸ் கடைசியாகக் காசு வாங்கிக் கச்சேரி செய்தபோது, அன்றைய பாட்டு வரிசையை ஒரு சீட்டில் எழுதி இந்த இரண்டாவது பேஸின் விலாவில் ஒட்டினார்கள். அந்தச் சீட்டை அவர் பிய்த்து எறியவே இல்லை. 1969 ஜனவரி 30-ல் லண்டனில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் வாசித்தபோதும் அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

குழாய்க்குள் நுழையாத சத்தம்

இங்கே கொஞ்சம் நம் ஊருக்குத் திரும்ப வேண்டும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தியைத் திறந்தபடி மீட்டினால் ஒரு வினாடிக்கு 41 அதிர்வு. தென்னையிலும் மின்கம்பத்திலும் மைக் செட்காரர் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கு அந்த அடிச்சுரம் எட்டாது. சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே அது ஊமை. அதனால்தான் குழாயில் பேச்சு இரண்டு மைல் கேட்கும், பாட்டு மட்டும் தகரம் தட்டியது போல இருக்கும். எழுபதுகளில், எண்பதுகளில் ஆலங்குளத்திலும் கடையநல்லூரிலும் சங்கரன்கோவிலிலும் கல்யாண வீட்டுக் குழாய் வழியாக இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவர்கள், அவர் எழுதிய பேஸைக் கேட்காமலே வளர்ந்தவர்கள். மேல்சுரங்களை வைத்து அடிச்சுரத்தைக் காது ஓரளவு ஊகித்துக்கொள்ளும். ஊகித்தது மட்டும்தான் நமக்குக் கிடைத்தது.

பிறகு டீக்கடைகளில் பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர் வைத்த டேப் ரெக்கார்டர் வந்தது. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் ஓடிய பேருந்துகளில் சீட்டுக்கு அடியில் ஊஃபர் வந்தது. ஏற்கெனவே மனப்பாடமான பாட்டுகளுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடுவது அப்போதுதான் தெரிந்தது. ‘மூடுபனி’ இளையராஜாவின் 100-வது படம், 1980-ல் வந்தது. அதில் ஜேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’யை ஒருமுறை நல்ல ஹெட்போனில், பாடகரை விட்டுவிட்டு, பேஸின் பின்னாலேயே போய்க் கேட்டுப் பாருங்கள். குரல் ஒரு வழியில் போகும், பேஸ் வேறு வழியில் போகும். இரண்டும் முட்டிக்கொள்ளாது.

லண்டனிலும் இதே பிரச்சினை வேறு வேஷத்தில் இருந்தது. அமெரிக்க ரெக்கார்டுகளில் பேஸ் திமிறிக்கொண்டு நிற்கும், ஆங்கில ரெக்கார்டுகளில் பம்மிக் கிடக்கும். பேஸை ஏற்றினால் இசைத்தட்டின் பள்ளத்திலிருந்து ஊசி துள்ளி வெளியே வந்துவிடும் என்று இஎம்ஐ நிறுவனத்தார் பயந்தார்கள். 1966-ல் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பதிவானபோது மெக்கார்ட்னி விடாப்பிடியாக நின்றார். பெரிய ஒலிபெருக்கி ஒன்றைத் தலைகீழ் வேலைக்கு வைத்தார்கள். பேச வேண்டிய ஸ்பீக்கரைக் கேட்க வைத்து, அதையே மைக்காகப் பேஸ் முன்னால் நிறுத்தினார்கள். அதன்பின் பேஸ் பம்மவில்லை.

கனத்த கட்டை, நீண்ட நாதம்

‘பேப்பர்பேக் ரைட்டர்’ பதிவில் மெக்கார்ட்னி கையில் இருந்தது ஹோஃப்னர் இல்லை. அமெரிக்க நிறுவனமான ரிக்கன்பேக்கர் இடக்கைக்கென்று செய்து கொடுத்த 4001எஸ். 1965 கடைசியில் ‘ரப்பர் சோல்’ தொகுப்புக்கான பதிவுகளிலிருந்து இதுதான் அவருடைய ஸ்டூடியோ பேஸ். கழுத்து தனியாக ஒட்டப்பட்டதல்ல. தலையிலிருந்து வால் வரை ஒரே மேப்பிள் துண்டு நடுவில் ஓடும். இறுக்கமான கட்டை, அதனால் நாதம் நீளும். தந்தியின் நீளமும் 33 அங்குலத்துக்கு மேல்.

வாத்தியம் மாறியதும் வாசிப்பும் மாறியது. நாதம் நீண்டால் சுரத்தைப் பிடித்து நிறுத்தலாம், இழுக்கலாம், பேச வைக்கலாம். 1967-ல் ‘சார்ஜெண்ட் பெப்பர்’ பதிவுகளில் பல பாட்டுகளுக்கு மற்ற எல்லோரும் வாசித்து முடித்த பிறகு, கடைசியாகத் தனி டிராக்கில் பேஸை வாசித்துச் சேர்த்தார். பாட்டு முழுதாகக் காதில் இருக்கும்போது எங்கே இடம் காலி என்று தெரியும். அங்கே போய் உட்காரலாம். அதே வருஷம் அந்த ரிக்கன்பேக்கருக்குச் சாயம் வழியவிட்டு வர்ணமும் பூசினார். பிறகு அதைச் சுரண்டி எடுத்து மரத்தின் சொந்த நிறத்துக்கே கொண்டுபோனார். காலத்தின் கோலம், கிட்டாரையும் விடவில்லை!

இப்படி வாத்தியம் மாற்றுவதற்கு நேர் எதிரான பேஸ்காரர் ஒருவர் டெட்ராய்ட்டில் இருந்தார். மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சன். மெக்கார்ட்னியே தன் முன்னோடியாகச் சொல்பவர். 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன் ஒன்றே அவருக்குப் பல வருஷத் துணை. தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அழுக்கேறிய தந்தியில்தான் உயிர் இருக்கிறது என்பது அவர் கட்சி. வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். 1983-ல் அவர் சாவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த பேஸ் திருடுபோனது. இன்றுவரை வரவில்லை. இன்னொரு பேஸ் கலைஞரான ஜாக்கோ பாஸ்டோரியஸ் கட்டங்களைப் பிடுங்கி வழவழப்பாக்கிய 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸும் 1986-ல் நியூயார்க் பூங்கா ஒன்றில் காணாமல் போய், இருபது வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. பேஸ் கிட்டார்களுக்கு என்ன ராசியோ.

மெக்கார்ட்னியின் முதல் ஹோஃப்னரும் இந்த ராசிக்குத் தப்பவில்லை. 1972 அக்டோபரில் ஒரு ராத்திரி, லண்டன் நாட்டிங்ஹில் பகுதியில் நிறுத்தியிருந்த வேனிலிருந்து அதைத் தூக்கிவிட்டார்கள். எடுத்தவர் உள்ளூர் மதுவிடுதிக்காரரிடம் தள்ளிவிட்டார். இருந்த இடம் தெரியாமல் 51 வருஷம். ஹோஃப்னர் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவரும் பத்திரிகையாளர் தம்பதியும் 2023-ல் ‘தொலைந்த பேஸ்’ என்று அறிவித்துத் தேடத் தொடங்கியதும் துப்பு மேல் துப்பு வந்தது. தென் இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் உறையோடு கிடந்தது அது. கழுத்தில் விரிசல், மற்றபடி அப்படியே. அந்த வருஷக் கடைசியில் உரியவர் கைக்குத் திரும்பி, செப்பனிடப்பட்டு, 2024 டிசம்பர் 19-ல் லண்டன் ஓ2 அரங்கில் மேடையேறியது. 82 வயதில் அவர் அதை மாட்டிக்கொண்டு ‘கெட் பேக்’ வாசித்தார்.

நடுவில் மற்றவையும் இருந்தன. அறுபதுகளின் கடைசியில் ஃபெண்டர் ஜாஸ் பேஸ், எழுபதுகளின் கடைசியில் ஜப்பானிய யமஹா, எண்பதுகளின் கடைசியில் ஐந்து தந்தி வால் பேஸ். எண்பதுகளில் ஹோஃப்னர் சும்மாதான் கிடந்தது. பழைய கோட்டு போல அதை அவர் ஒதுக்கிவைத்திருந்தார். கூட வேலை செய்த பாடகர் எல்விஸ் கோஸ்டெல்லோதான் அதை மறுபடி எடுக்கச் சொல்லி வற்புறுத்தினார். இன்று ஆயிரக்கணக்கானோர் முன் அவர் வாசிப்பது அந்த 1963 ஹோஃப்னரை. உலகத்தில் எந்த பேஸையும் வாங்க வசதியுள்ள மனிதர், எடை குறைந்த, நாதம் நீளாத, இருபது வயதைத் தொடாத பையனாகப் பணமில்லாமல் பழகிய மாடலுக்கே வந்து நிற்கிறார். எடை குறைவு என்பதால் பியானோ முன்னாலிருந்து எழுந்து வந்து மாட்டிக்கொள்ளவும் சுளுவு. இதில் தத்துவம் தேட வேண்டியதில்லை. தோள் சொல்கிறது, கை கேட்கிறது.

மலையிலிருந்து போன மரம்

கிட்டார் கழுத்தின் மேல், விரல் பதிகிற பலகைக்கு உலகம் முழுக்கப் பேர்போனது ரோஸ்வுட். நம்மூரில் ஈட்டி, தோதகத்தி. முன்பெல்லாம் பிரேசில் ஈட்டிக்குத்தான் மவுசு. பிரேசில் கட்டைகளாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதும் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-ல் இந்திய ஈட்டிக்கு மாறியது. 1992-ல் பிரேசில் ஈட்டி, அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் ஏறி, அதன் வியாபாரம் அநேகமாக நின்றேபோனது. அந்த இடத்தைப் பிடித்தது மேற்குத் தொடர்ச்சி மலை மரம். தென்காசி மாடியில் நின்றால் மேற்கே நீலமாகத் தெரிகிறதே, அதே மலைத்தொடர்.

2017-ல் ஈட்டி இனம் முழுவதுக்கும் கட்டுப்பாடு வந்தது. கிட்டாரோடு எல்லை தாண்டுகிற கலைஞர்கள் தாள்களோடு அல்லாடினார்கள். 2019-ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. இங்கே நமக்கு 1994-ல் வந்த ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வாங்க வேண்டும் என்றது அது. இந்த மரத்தை மலையில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஆனால் உலகத்தின் ஏதோ ஒரு மேடையில், யாரோ ஒருவரின் விரலுக்கு அடியில் அது இருக்கிறது.

மரம் என்றால் ஈரத்துக்கு இளகும், வெயிலுக்கு முறுகும். ஜூனில் குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் பேரருவிப் பக்கத்துக் காற்றே நனைந்துதான் வீசும். அந்தக் காற்றில் ஒரு மாதம் இருந்த பேஸின் கழுத்து லேசாக வளையும். அடித்தந்தி பலகையில் தட்டி ‘ஙிர்’ என்று இரையும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் கீயால் கால் திருப்பு திருகினால் நேராகும். தெரியாதவர் ஒரு முழுத் திருப்பு திருகினால் கழுத்தே போகும். தந்தியும் துருப்பிடிக்கும், விரல் அழுக்கு ஏறி மழுங்கும். புதுத் தந்தி வாங்கக் கை தயங்குகிறவர்கள் உலகெங்கும் செய்கிற வேலை ஒன்று உண்டு. பழைய தந்தியைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்துத் துடைத்து, மறுபடி மாட்டுவது. இரண்டு கச்சேரிக்குத் தாங்கும். ஜேமர்சன் பார்த்தால் சிரிப்பார்.

இடக்கையில் போன பிழைப்பு

தமிழ்ச் சினிமாவில் பேஸ் கிட்டார் கலைஞர்களுக்குப் பெயர் கிடைக்கவே நாளானது. இளையராஜா தன் கைப்பட எழுதிய நோட்டேஷனைப் பல காலம் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரஹ்மானின் பாட்டுகளில் நீங்கள் ரசித்த பேஸில் பெரும்பங்கு சென்னைக்காரர் கீத் பீட்டர்ஸுடையது. அடுத்த தலைமுறையில் 1996-ல் பிறந்த மும்பைப் பெண் மோகினி தே, ரஹ்மான் மேடையில் முன்வரிசைக்கு வந்து தனியாவர்த்தனமே செய்தார். பேஸ்காரருக்கு விசில் விழுந்தது நம் கண்ணெதிரே நடந்த அதிசயம்.

கிராமத்து மேடைக் கதை வேறு. ட்ரூப்பில் பேஸ் வாசிக்க வருகிறவரின் முதல் கருவி பெரும்பாலும் கொல்கத்தாத் தயாரிப்பு கிவ்சன் போன்ற ஒன்று, அதுவும் இரண்டாம் கையாக. சுருதி நிற்காது, கம்பிக் கட்டங்கள் விரலை அறுக்கும், கழுத்து கனக்கும். அதிலேயே தேறியவர்களுக்குப் பிறகு எந்த பேஸும் வெண்ணெய். நாலு கொடை, இரண்டு சீசன் கச்சேரி பார்த்துச் சேர்த்த பணத்தில் யமஹாவோ ஐபனெஸோ வாங்குவார்கள். அதோடு நின்றுவிடும். மெக்கார்ட்னியிடம் இருப்பது போல வரிசை கட்டி நிற்க இங்கே வழியில்லை.

அந்த ஒன்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளியது கீபோர்டு. விசைப்பலகையை இரண்டாகப் பிரித்து, இடக்கைப் பக்கத்தில் பேஸ் சத்தத்தை வைத்துக்கொள்ளலாம். ஏற்பாட்டாளர் கேட்கிற கேள்வி நியாயமாகத்தான் தெரியும்: “கீபோர்டுலயே பேஸ் வந்துருதுல்லா அண்ணாச்சி, தனியா ஒரு ஆளு எதுக்கு? வேன்ல இடம் மிச்சம்லா!” சம்பளம் ஒன்று குறையும், சாப்பாட்டு இலை ஒன்று குறையும். பிறகு பேஸும் டிரம்ஸும் ஏற்கெனவே பதிந்த டிராக் வந்தது. பெட்டியைத் தட்டிவிட்டுப் பாடினால் போதும். முதலில் கழற்றிவிடப்பட்டவர் பேஸ்காரர், ஏனென்றால் அவர் இல்லாததைக் கூட்டம் கவனிக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

இது நம் மண்ணில் முதல்முறை நடப்பதில்லை. காருகுறிச்சி அருணாசலம் வாசித்த காலத்தில் நாதஸ்வரத்தோடு ஒத்து ஊதுகிறவர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரே சுருதியை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. சுருதிப்பெட்டி வந்ததும் அவர் எழுந்து போனார். அடியில் தாங்கிப் பிடிக்கிறவருக்கே எப்போதும் முதல் கத்தி.

கீபோர்டு இடக்கை தருவது சுரத்தை. பேஸ்காரர் தருவது வேறு. டிரம்ஸின் கட்டை மிதியோடு மயிரிழை முன்பின்னாகச் சுரத்தை வைப்பது, பாடகி மூச்சு வாங்க ஒரு தாளம் தாமதித்தால் அவரோடு சேர்ந்து காத்திருப்பது, சரணத்திலிருந்து பல்லவிக்கு வரும்போது வழுக்கிக்கொண்டு இறங்குவது. கீபோர்டுக்காரரின் இரண்டு கையும் வேறு வேலையில் இருக்கும்போது இதெல்லாம் நடக்காது. டிராக்குக்கோ பாடகி முகமே தெரியாது. குழாய் ஸ்பீக்கர் காலத்தில் பேஸ் ஆள் இருந்தார், கேட்கிற கருவி இல்லை. இன்று ஆள் உயரத்துக்குச் சப்-ஊஃபர் அடுக்குகிறார்கள், நெஞ்சுக்கூடு அதிர்கிறது, வாசிக்க ஆள் இல்லை. இந்தக் கூத்தை என்னவென்று சொல்ல?

சீசன் வந்தால் குற்றாலத்தில் சாரல் விழா மேடை இருக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களில் வருஷம் பூராவும் கொடைகள் இருக்கின்றன. வரி பிரித்து, ரசீது போட்டு, கச்சேரிக்கு முன்பணம் கொடுக்கிற விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாடகர் யார், டான்ஸ் உண்டா, லைட்டிங் எத்தனை என்று கேட்பதோடு, பேஸ் வாசிக்க ஆள் வருகிறாரா என்றும் கேளுங்கள். கூடுதலாக ஒரு சம்பளமும் ஒரு இலையும்தான் செலவு. வருகிறார் என்று சொல்கிற ட்ரூப்புக்கே அட்வான்ஸ் கொடுங்கள்.